அந்த நான்கு நாட்கள்

கேள்வி: வயது 29, ஐ.டி. வேலை. இது முப்பதாவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் எடை 1,150 கிராம்தான், வளர்ச்சி குறைவு என்கிறார் டாக்டர். நாளுக்கு எட்டு சிகரெட் பிடித்தவள், மூன்றாகக் குறைத்துவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. கணவரும் பிடிப்பார். வளைகாப்புக்கு அம்மா வீட்டில் இருந்த நான்கு நாளும் அம்மாவுக்கு வாடை தெரிந்துவிடும் என்று தொடவே இல்லை; ஒரே தலைவலி, எரிச்சல். குழந்தை எடை கூட என்ன சாப்பிடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: சாப்பாடு இருக்கட்டும். அந்த நான்கு நாட்களுக்கு வாருங்கள். நிகோடினை விட்டவருக்குத் தலைவலியும் எரிச்சலும் உச்சத்துக்குப் போவது முதல் இரண்டு மூன்று நாளில்தான். அந்த ஏற்றத்தை ஏறி முடித்துவிட்டு, ஊர் திரும்பியதும் மறுபடி பற்றவைத்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு வாடை தெரியும் என்று பயந்தீர்களே, அந்தப் புகை நேராகப் போய்ச் சேருகிற பிள்ளையை நினைத்தீர்களா? பெற்றவளிடம் மறைப்பதைப் பெறப்போகும் பிள்ளைக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முட்டையும் பாலும் பேரீச்சையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவை பிள்ளைக்குப் போய்ச் சேரும் பாதையை நாளுக்கு மூன்று முறை நீங்களே அடைக்கிறீர்கள். மூன்றுதானே என்ற கணக்கும் தப்பு. எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் தங்களை அறியாமலே ஆழமாக இழுப்பார்கள், பஞ்சு வரை பிடிப்பார்கள்.

புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 150 முதல் 250 கிராம் வரை எடை குறைந்து பிறக்கின்றன. குறைமாதப் பிரசவமும், தொட்டில் தூக்கத்திலேயே நேரும் மரணமும் இவர்களிடம் கூடுதல். பிறந்தபின் பல குழந்தைகள் வேகமாக எடை போடும். அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிலர் உயரத்தில் சற்றுப் பின்தங்கி, பள்ளி வயதில் அளவுக்கு மீறிப் பருக்கிறார்கள். இளைப்பும் வீசிங்கும் வேறு.

இன்னும் 10 வாரம் கையில் இருக்கிறது. நல்ல வளர்ச்சியுள்ள குழந்தை தன் எடையை இரட்டிப்பாக்குவதே இந்த வாரங்களில்தான். இன்று நிறுத்தினால் ஓரிரு நாளில் உங்கள் ரத்தத்திலிருந்து அந்தக் கார்பன் மோனாக்சைடு விஷவாயு வடிந்துவிடும்.

நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தமா, ரத்தசோகையா, புகையா என்று பிரித்துப் பார்க்கவும், பிள்ளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை எப்போது எடுப்பது என்று முடிவு செய்யவும் அவருக்கு இது தெரிந்தாக வேண்டும். நிகோடின் சூயிங்கம்மை அவர் சொல்லாமல் தொடாதீர்கள், சிகரெட்டை விடுவதற்கான மாத்திரைகளும் அப்படியே. பாக்கு, ஹூக்கா, இ-சிகரெட் எதுவும் மாற்று ஆகாது. ஆசை கிளம்பினால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு நெல்லிக்காய்த் துண்டை வாயில் போடுங்கள். காபி டம்ளரோடு பால்கனிக்குப் போகும் வழக்கத்தை முதலில் முறியுங்கள். நீங்கள் பிரிக்கிற பெட்டியிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகியிருக்கிறது, கூப்பிடுங்கள்.

அப்புறம், அம்மா வீட்டுக்கே திரும்பிப் போங்கள். வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைப்பது வெறும் சம்பிரதாயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டிலிருந்து வேலை கேளுங்கள். கிடைக்காவிட்டால் விடுப்பைச் சீக்கிரமே தொடங்குங்கள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார், அழுவார், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. மனைவி நிறுத்துகிற அன்றே நீங்களும் நிறுத்த வேண்டும். பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு தொட்டில்வரை வரும். சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் பெட்டி இருக்கக் கூடாது.