நூறு வீரர்கள் கணக்கு

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில், கடைசி மகள் கார்டீலியா முகஸ்துதி செய்யவில்லை என்பதற்காக, நாட்டில் அவளுக்குரிய பங்கையே பறித்துவிடுகிறார் அப்பா, அரசர் லியர். நம்பும்படி இல்லையே?

பதில்: நாடகத்தின் ஆரம்ப வரிகளை இன்னொரு தடவை படியுங்கள். மருமகன்கள் இருவருக்கும் பங்கு சரிசமம் என்று கென்ட், குளொஸ்டர் என்ற இரண்டு பிரபுக்கள் பேசிக்கொள்கிறார்கள். பாகப்பிரிவினை முன்பே முடிந்துவிட்டது! ‘யாருக்கு என்மேல் பாசம் அதிகம்?’ என்ற கேள்வி சபைக்காக நடக்கும் சடங்கு. மூத்தவள் கானரில் பேசியதுமே, மற்ற இருவரும் வாய் திறக்குமுன், அவளுக்குரிய நிலத்தை வரைபடத்தில் காட்டிவிடுகிறார் லியர். கார்டீலியா ‘ஒன்றுமில்லை’ என்றதும் அந்தச் சடங்கு ஊரறியக் கெட்டுப்போகிறது. கோபம் அதற்குத்தான்.

கேள்வி: லியர் தன்னோடு வைத்துக்கொள்ளும் நூறு வீரர்களுக்குச் சோறு போடுவது லேசா? மூத்த மகள்கள் ஆள்குறைப்புச் செய்வதில் என்ன தப்பு?

பதில்: கானரில் சொல்லும் குறையில் நியாயம் இருக்கலாம். 1962-இல் இயக்குநர் பீட்டர் புரூக் இதை மேடையேற்றியபோது, வீரர்கள் அவள் வீட்டை உண்மையிலேயே சூறையாடினார்கள். ஆனால் வினை லியர் விதைத்தது. ஆட்சியைக் கொடுத்துவிட்டு, அரசன் என்ற பட்டத்தையும் நூறு வீரர்களையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். செலவு மட்டும் மகள்கள் தலையில், மாதத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து. இரண்டாம் அங்கம், நான்காம் காட்சியில் வீரர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. கானரில் ஐம்பது என்கிறாள், இரண்டாவது மகள் ரீகன் இருபத்தைந்து போதும் என்கிறாள். உடனே லியர் கானரில் பக்கம் திரும்பி, ‘இருபத்தைந்துக்கு ஐம்பது இரண்டு மடங்கு, உன் பாசமும் இரண்டு மடங்கு’ என்கிறார்! அவமானப்பட்ட பிறகும் பாசத்தை எண்ணிக்கையில்தான் அளக்கிறார் மனிதர். அடுத்து பத்து, ஐந்து. முடிவில் ‘ஒருவர்தான் எதற்கு?’ என்கிறாள் ரீகன். இந்த இடத்தை வேகமாகப் படித்தால் நாடகமே கைநழுவிவிடும்.

கேள்வி: என் புத்தகத்தில் நாடகத்தின் கடைசி வசனம் குளொஸ்டரின் மகன் எட்கருக்கு. நண்பரின் புத்தகத்தில் கானரிலின் கணவன் அல்பனிக்கு. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. 1608 பதிப்பில் அல்பனி பேசுகிறார், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில் எட்கர். பித்துப் பிடித்த லியர், இல்லாத மகள்களை நிறுத்தி வழக்கு விசாரிக்கும் காட்சி 1608-இல் மட்டுமே உண்டு. லியர் சாகும்போது கார்டீலியாவின் உதடுகளைப் பார்க்கச் சொல்லும் வரிகள் 1623-இல் மட்டுமே. பல பதிப்பாசிரியர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள், முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டீலியா பிழைத்து எட்கரை மணக்கும் கதை கையில் சிக்கினால், அது 1681-இல் நேஹம் டேட் மாற்றி எழுதியது.