பேத்தியும் பாஸ் அவுட், பாட்டியும் பாஸ் அவுட்

கேள்வி: கனடாவில் வேலைக்கு விண்ணப்பித்த என் மகன், 'ஐ பாஸ்டு அவுட் ஆஃப் காலேஜ் இன் 2019' என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அங்கிருக்கும் அவன் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தானாம். அதில் என்ன தப்பு?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் ஊருக்குத் தப்பே இல்லை அம்மா. 'நீங்க எந்த வருஷம் பாஸ் அவுட்?' என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். கனடாக்காரருக்கோ உங்கள் பிள்ளை 2019-ல் மயங்கி விழுந்தான் என்றுதான் முதலில் தோன்றும். குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதற்கும் அங்கே இதே சொல்தான். நண்பன் ஏன் சிரித்தான் என்று புரிகிறதா?

பிரிட்டனில் ராணுவம், போலீஸ் போன்ற இடங்களில் பயிற்சி முடித்து வெளியேறுவதை 'பாஸ் அவுட்' என்பார்கள். நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் 'பாசிங் அவுட் பரேடு' அந்த வழிதான். கல்லூரிக்கும் அதையே சொல்வது நம் பக்கத்துப் பழக்கம்.

என் அண்ணன் பேத்தியின் பரேடைப் பார்க்க ஒரு மார்ச் மாதம் போயிருந்தேன். அன்று ஏகாதசி, ஒரு டம்ளர் மோரோடு கிளம்பிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் இந்த வீம்பு தேவையா? பேண்டு வாசித்தது, அத்தனை பூட்ஸும் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தது, அதுவரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தால் யாரோ ஒரு அம்மாள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணன் போட்ட செய்தி: 'இன்று நம் வீட்டில் இரண்டு பேர் பாஸ் அவுட்.' முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் எடுத்தவளுக்குக் கிடைத்த மரியாதை!

இன்னும் உண்டு. வகுப்பில் வினாத்தாள் விநியோகிப்பதும் அமெரிக்கர்களுக்கு பாஸ் அவுட்தான். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நாலு பேரும் 'பாஸ்' சொல்லிவிட்டால் அந்தக் கை 'பாஸ்டு அவுட்'.

மகனை 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்று திருத்தச் சொல்லுங்கள். உள்ளூர் விண்ணப்பத்தில் பழையபடியே இருக்கட்டும். இங்கே யாரும் தண்ணீர்ச் செம்போடு ஓடி வரமாட்டார்கள்.

கேள்வி: 'அவுட்' என்றால் வெளியே என்றுதானே படித்தோம்? 'பாஸ் அவுட்' மாதிரி வினைச்சொல்லோடு இன்னொரு சொல் ஒட்டி வரும் இந்த ஃப்ரேசல் வெர்புக்கெல்லாம் விதியே கிடையாதா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தீர்ந்துபோவது, அணைந்துபோவது என்றும் 'அவுட்' வரும் தம்பி. பெட்ரோல் 'ரன் அவுட்' ஆகும், விளக்கு 'கோ அவுட்' ஆகும். அந்த வரிசையில் வைத்தால் மயக்கம் ஓரளவு பிடிபடும். வினாத்தாள் விநியோகம் அதில் அடங்காது.

நம் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறது? மருமகள் மாமியாருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பக்கத்து சீட்டுக்காரன் என்னை மேனேஜரிடம் போட்டுக் கொடுத்தான். இரண்டிலும் அதே போடு, அதே கொடு. இதற்கு ஒரு விதி கண்டுபிடித்து ஒரு வெள்ளைக்காரருக்குப் புரியவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம்.