வாசகர் கேள்வி – பதில்: பழைய படகுக்குப் புது பெட்ரோல் டேங்க்

கேள்வி: முப்பது வயதான ஃபைபர் படகு. எஞ்சின் உள்ளேயே இருக்கிறது. தளத்துக்கு அடியில் ஃபோம் ஊற்றிப் பதித்த அலுமினிய டேங்க். பெட்ரோல் வாடை வருகிறது. ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தால் போதாதா?

பதில்: போதாது. ஆனால் டேங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் ஹோஸ்களைப் பாருங்கள். அத்தனை வருடத்து ரப்பர் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் வாடை அடித்தால், கசிவு பெரும்பாலும் மேல்பக்கம்தான்: நிரப்பும் குழாயின் இணைப்பு, அல்லது அளவுமானி உட்காரும் கேஸ்கெட். பாதிக்குக் கீழே போன பிறகும் வாடை நிற்கவில்லை என்றால் அடிப்பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

உறுதி செய்ய, பெட்ரோலை முழுவதும் இறைத்துவிட்டு எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றி 5 நிமிடம் பாருங்கள். அழுத்தமானியின் முள் இறங்கக் கூடாது. கம்ப்ரஸரை வைக்காதீர்கள், தட்டையான தகடு ஒரே நொடியில் புடைத்துவிடும்.

வெல்டிங் ஏன் வேண்டாம்? அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அது கீறப்பட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து மறுபடி உருவாகும். ஃபோம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டோடு ஒட்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும், உப்பு இருக்கும், காற்று இருக்காது. அங்கே தகடு வெளியிலிருந்து உள்நோக்கிக் குழிகுழியாக அரிக்கும். கண்ணில் பட்ட ஓட்டை ஒன்று என்றால், காகிதமாக மெலிந்து நிற்கும் இடங்கள் பல. அதோடு, காலி டேங்கில் தங்கும் ஆவி நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். தயவுசெய்து யாரையும் அதன்மேல் வெல்டிங் டார்ச் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எப்படி வெளியே எடுப்பது? புதிதை எப்படி உட்கார வைப்பது?

பதில்: பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோலைக் கைப்பம்பால் கரையில் வைத்த கேன்களுக்கு மாற்றுங்கள். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் படகின் அடிவயிற்றில்தான் தங்கும். வாடை அறவே போகும்வரை காற்றோட்டம் கொடுத்த பிறகே ரம்பத்தைத் தொடுங்கள். தளத்தை வெட்டும்போது பிளேடின் ஆழம் பலகையின் தடிமன் அளவுதான் இருக்க வேண்டும். டேங்க் பெரும்பாலும் ஓரிரு அங்குலம் கீழேயே இருக்கும். ஃபோமை நீளமான கைரம்பத்தால் நான்கு பக்கமும் அறுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். அறுக்காமல் இழுத்தால் படகின் உள்கட்டைகள் பெயர்ந்து வரும்.

பழைய டேங்க் போன பிறகு தெரியும் குழிதான் முக்கியம். ஈர ஃபோம் ஒரு துண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. தண்ணீர் பின்பக்கம் ஓடிப்போக வழி இருக்கிறதா என்று ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழி இல்லை என்றால் முதலில் அதை உண்டாக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல டேங்க் வாங்கி வைத்தாலும் பழையதன் கதிதான் அதற்கும்.

புது டேங்க் 5052 அல்லது 5083 ரக அலுமினியம், 3 மி.மீ. தகடாக இருக்கட்டும். எபாக்ஸி பிரைமர் பூசி, அடியில் 3 மி.மீ. தடிமனுள்ள கெட்டி பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டுங்கள். பட்டையின் முழுப் பரப்பிலும் பசை பரவியிருக்க வேண்டும். இடுக்கு விட்டால் தண்ணீர் அங்கே போய் உட்காரும். கம்பளம், ஸ்பாஞ்ச், மரக்கட்டை வேண்டாம். மூன்றும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பித்தளை இணைப்பை நேராக அலுமினியத்தில் முறுக்காதீர்கள், நடுவில் ஸ்டெயின்லெஸ் துண்டு ஒன்று வேண்டும். நகராமல் இருக்கப் பட்டைக் கம்பிகளால் இறுக்குங்கள், ஃபோம் மறுபடி ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் டேங்க் வைக்கலாமா? கொஞ்சம் பெரிதாகவும்?

பதில்: தாராளமாக வைக்கலாம், துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் பெட்ரோல் பட்டதும் பாலிஎத்திலீன் டேங்க் சுமார் 2 முதல் 3 சதவீதம் உப்பும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 2–3 செ.மீ. இடம் விட்டு வையுங்கள். நெருக்கி அடைத்தால் இணைப்புகள்தான் பிய்யும்.

பெரிதாக்கும்போது எடையைக் கணக்கிடுங்கள். லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ. கூடுதலாக 60 லிட்டர் என்றால் 45 கிலோ. அதைப் பின்கோடியில் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடும். பழைய டேங்க் இருந்த இடத்தைப் படகைக் கட்டியவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

கேள்வி: புது டேங்க் வைத்தபின் பெட்ரோல் நிரப்பும்போது நாசில் டக் டக்கென்று நின்றுவிடுகிறது.

பதில்: காற்று வெளியேற வழியில்லை. டேங்கிலுள்ள காற்றை வெளியே விடும் வென்ட் ஹோஸ் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் பெட்ரோல் தேங்கியிருக்கும். டேங்கிலிருந்து தொடர்ந்து மேலேறும்படி கட்டுங்கள். வென்ட் உள்விட்டம் 16 மி.மீ., நிரப்பும் ஹோஸ் 38 மி.மீ. ஹோஸ் வாங்கும்போது தீயைத் தாங்கும் படகு ஹோஸுக்கான ஐ.எஸ்.ஓ. 7840 என்ற முத்திரையைப் பாருங்கள். கார் ஹோஸ் தீயைத் தாங்காது. நிரப்பும் ஹோஸின் இரு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப்.

கேள்வி: எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. டேங்க் வாயிலுள்ள ஸ்பிரிங் வால்வைக் கழற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹோஸ் எங்காவது அறுந்தால் டேங்கில் உள்ளதெல்லாம் தானாக வழிந்து அடிவயிற்றில் கொட்டாமல் தடுப்பது அந்தச் சின்ன வால்வுதான். கழற்றி, வால்வுக்குள் இருக்கும் உருண்டையில் படிந்த பிசினைச் சுத்தம் செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் எஞ்சினுக்குப் பொருத்தமான புதியதைப் போடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது.

பதில்: மீட்டரும் டேங்க் அளவுமானியும் வேறு வேறு ரகம். அளவுமானியின் மின்தடையை வைத்துத்தான் மீட்டர் அளவைக் காட்டும். அமெரிக்க ரகம் காலியில் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய ரகம் காலியில் 10, நிறைந்தால் 180. இரண்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டும்.