மச்சு அறைச் சுவரில் தெர்மாகோல் ஒட்டலாமா?

செங்கோட்டை ஓட்டு வீட்டு மச்சை அறையாக்கி, சூடு குறைய மேற்குச் சுவர்ல தெர்மாகோல் ஒட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க சார். மேற்கே ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து வர்ற சாரல் அடிக்கிறதே அந்தச் சுவர்லதான். வெளிப்பூச்சில விரிசல் இருந்தா, உள்ளே என்ன ஒட்டினாலும் பின்னால ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிச்சுரும். விரிசலை அடைச்சு, கோடையில நல்லா காயவிட்டுட்டு வேலையத் தொடங்குங்க.

உள்ளே ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) சட்டம் அடிச்சு, 50 மி.மீ. ராக்வூல் (சூட்டைத் தடுக்கிற கல் நார்) பலகையை அமுக்காம வச்சு, சிமென்ட் போர்டால மூடுங்க. தெர்மாகோல் சட்டுனு தீப்பிடிக்கும். பிவிசி ஒயர் அதுல பட்டுக்கிட்டே இருந்தா ஒயர் உறையும் கெட்டுப்போகும்.

இன்னொண்ணு, சுவரை விட ஓடுதான் சூட்டை இறக்கும். கையில காசு கம்மின்னா, ஓட்டுக்கு அடியில காத்து இடைவெளி விட்டு அலுமினிய ஃபாயில் போடுங்க. சுவர் அடுத்த வருசம் பாத்துக்கலாம்.