வயலை விற்காதீர்கள் அம்மா

போன வாரம் மகளோடு வந்தீர்கள். இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் எழுதட்டும் என்கிறார் பெரியப்பா. வயலை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமா. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டுமே வேண்டாம். மூன்றாவதாக நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி என்றொரு படிப்பு இருக்கிறது. அந்தக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். தம்பியின் படிப்புக்கும் அந்த வயலைத்தானே நம்பியிருக்கிறீர்கள்?

நீங்கள் வெளியே போன் பேசப் போனபோது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "சர்க்கரையைத் தொடவே கூடாதுன்னு தாத்தாவை மிரட்டுவோம். பைபாஸுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்த இடத்துல அவருக்கே குளுகோஸ் குடிக்கக் கொடுத்தாங்க. ஏன் சார்?" உயிரியலில் தடுமாறி இயற்பியலில் 95 வாங்கும் பெண் கேட்கும் கேள்வி இது.

இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. குளுகோஸும் தேவையான அளவு இன்சுலினும் கொடுத்தால் அது சர்க்கரைக்கு மாறும். அப்போது கதிரியக்க ஃப்ளூரின் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அது எங்கே சேர்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த பகுதியும் சர்க்கரையை இழுத்தால், அந்தத் தசை இன்னும் சாகவில்லை. ஓட்டத்தைச் சரிசெய்தால் மீள வாய்ப்புண்டு. நெஞ்சைத் திறக்காமலே இதெல்லாம் தெரிந்துவிடுகிறது! அந்த ஃப்ளூரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நோயாளி டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்தால் மருந்தின் கணக்கையே திரும்பப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு, ஈயக் கவசத்துக்குள் சிரிஞ்சை எடுத்து, படத்தைப் பிடிப்பவர்தான் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்.

வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் படிப்பு இருக்கிறது. மேற்படிப்புக்கு மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் உண்டு. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படிப்பது இன்னொரு வழி. ஆராய்ச்சியில் இறங்கினால் இதைவிட ஆழம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியால் இதயத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கிறார்கள். ஊசியும் வேண்டாம், கதிரியக்கமும் வேண்டாம். தசை சக்தியைச் சேமித்து வைக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டுக்கும், உடனடியாகச் செலவழிக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதம் நல்ல இதயத்தில் 2-ஐ ஒட்டி இருக்கும், பலவீனமான இதயத்தில் இறங்கும். தசையில் எவ்வளவு சக்தி கையிருப்பு என்பதை அந்த ஓர் எண் காட்டிவிடும்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வராது, ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்காது. இதை மறைக்க மாட்டேன். எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சொந்த மருத்துவமனையில், உடலுக்குள் ஏற்றிய கதிரியக்க மருந்தைப் படம்பிடிக்கும் காமா கேமராவும் பெட் கருவியும் ஓடுகின்றனவா? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்தப் படிப்பை ஏற்கிறதா? பதிலில் மழுப்பல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்குக் கதிர்வீச்சா?" என்று அத்தை கேட்பார். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்ய மார்பில் அணியும் பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சு அளவின் அலகு) தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்ததும் வரம்பு இன்னும் கடுமையாகும்.

சரி, புதன்கிழமை வாருங்கள். மாமாவும் வரட்டும், ஆனால் முதலில் அவள் பேசட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.