சர்க்கரை ஏன் இறங்கியது? தாழ்சர்க்கரை பற்றிய கேள்வி பதில்

சர்க்கரை நோயாளிகள் தாழ்சர்க்கரையால், அதாவது ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதால், மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறித்துச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்நகரின் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் நீண்ட காலம் பணியாற்றிய மருத்துவர் பதிலளிக்கிறார்.

பெரம்பூர் வாசகி: டாக்டர், என் அம்மாவுக்கு 74 வயது. சென்ற வாரம் விடியற்காலையில் எழுப்பியபோது பேச்சு குழறியது. புடவை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கவாதம் என்று பயந்து 108-ஐ அழைத்தோம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 34. குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் கண் திறந்து, "பால் வந்துவிட்டதா?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாகப் பேசியவரை ஏன் இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள்?

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டில் கிளிபென்கிளமைடு மாத்திரை இருக்கிறது. காரணம் அதுதான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. ஏற்றிய குளுக்கோஸ் சற்று நேரத்தில் செலவாகிவிடும். மாத்திரையோ ஒரு நாள் முழுவதும், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் அதற்கும் மேலாக, வேலை செய்துகொண்டிருக்கும். தெளிந்துவிட்டாரே என்று கையெழுத்துப் போட்டு அழைத்துச் சென்று, அன்றிரவே மீண்டும் நினைவிழந்த நிலையில் தூக்கி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவை வைத்திருந்தது சரியே. பக்கவாதம் என்று நினைத்ததும் தவறல்ல; சர்க்கரை மிகவும் இறங்கினால் ஒரு பக்கக் கை கால் செயலிழப்பதுகூட உண்டு. ஆகவேதான் அப்படி வரும் எவருக்கும் முதலில் விரலில் குத்திப் பார்க்கிறோம். உங்கள் அம்மாவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) எவ்வளவு என்று எழுத முடியுமா?

அதே வாசகி: 2.1 என்றிருக்கிறது. ஆனால் ஆறு மாதமாகச் சர்க்கரை தானாகவே குறைந்து வந்தது, டாக்டர். நோய் குணமாகிறது என்றே மகிழ்ந்திருந்தோம்.

பதில்: அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே அளவு மருந்து எடுத்துவரும் முதியவருக்கு, உணவிலும் நடையிலும் மாற்றமில்லாமல் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகத்தை. உடலில் உள்ள இன்சுலினின் ஒரு பகுதியை அழிப்பதும், இந்த மாத்திரையின் எச்சங்களை வெளியேற்றுவதும் சிறுநீரகமே. அது தளரும்போது இரண்டுமே உடலில் தங்கிவிடுகின்றன. பசியும் குறைந்து, இரவில் அரை இட்லியோடு எழுந்துவிடும் வயதில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்கள் அன்று விடியலில் கண்டீர்கள். உங்கள் அம்மாவுக்கு இனி அந்த மாத்திரை வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்று மருந்து எது என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வேளச்சேரி வாசகர்: அப்பாவுக்கு வழக்கம்போல 20 யூனிட் இன்சுலின்தான் போட்டேன். வேறு கடையில் வாங்கிய புதுக் குப்பி. இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 41.

பதில்: குப்பியின் மேல் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளிலும் குப்பிகள் விற்கப்படுகின்றன. 40-க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி. அந்த அரை மில்லி 100 குப்பியிலிருந்து வந்திருந்தால் உள்ளே போனது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. உங்கள் மீது குற்றமில்லை; கடையில் குப்பியைக் கொடுத்தவர் ஊசியையும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். இனி பழைய ஊசியைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: எனக்கு 78 வயது, எச்பிஏ1சி 6.1. கட்டுப்பாட்டை விடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன். ஆயினும் மூன்று மாதத்தில் இருமுறை மயங்கி விழுந்தேன்.

பதில்: ஐயா, உங்கள் ஒழுங்கை மதிக்கிறேன், ஆனால் அந்த 6.1 மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு மட்டுமே. ஒரு நாள் 45-க்கு இறங்கியதையும் மறுநாள் 220-க்கு ஏறியதையும் அது ஒன்றாகக் கலந்து காட்டிவிடும். எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்ட் என்னும் பெரிய ஆய்வில், இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையையே 2008-இல் பாதியில் நிறுத்தினார்கள். அமெரிக்க முதியோரின் 1999 முதல் 2011 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தவர்களும், உயர்சர்க்கரைச் சேர்க்கைகள் குறைந்து தாழ்சர்க்கரைச் சேர்க்கைகள் அவற்றைத் தாண்டிவிட்டதைக் கண்டார்கள். விழுந்து எழும் உங்கள் வயதினருக்கு 8-க்குள் இருந்தால் போதும் என்று தயங்காமல் சொல்வேன். மருந்தைக் குறைப்பது பற்றி இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

சைதாப்பேட்டை வாசகி: கணவருக்குக் கை நடுங்கியதும் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன், கால் மணி நேரமாகியும் ஏறவில்லை.

பதில்: அவர் வோக்ளிபோஸ் எடுக்கிறாரா? எடுத்தால், சமையலறைச் சர்க்கரை குடலில் உடைவதை அந்த மாத்திரையே தடுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். சாக்லேட்டும் பாலும் கொழுப்பால் தாமதமாகும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: ரமலான் நோன்பு இருக்கலாமா?

பதில்: நோன்பு தொடங்க ஆறு வாரமாவது முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அண்மையில் தாழ்சர்க்கரையால் சேர்க்கப்பட்டவராயின் இவ்வாண்டு வேண்டாம். பகலில் 70-க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்போருக்கும் இதையே சொல்வேன்.

பெரம்பூர் வாசகி: ஒன்று விட்டுவிட்டது, டாக்டர். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சீட்டிலும் அந்தப் பழைய மாத்திரையே எழுதியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவதும் அதுதான்.

பதில்: இன்றிரவு அதைக் கொடுக்காதீர்கள். காலையில் சீட்டையும் கிரியேட்டினின் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் சென்று, "சர்க்கரை ஏன் இறங்கியது, இந்த மாத்திரை இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். மாற்று மருந்து எழுதும்வரை காலையும் இரவும் விரலில் குத்திப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவதாகச் சொன்னீர்கள். கொண்டுவரும் பணியாளரிடமும் மருந்து மாறியதைச் சொல்லி அட்டையில் திருத்தச் சொல்லுங்கள். அம்மாவின் டப்பாவில் மீதமுள்ள பழைய பட்டைகளையும் எடுத்துவிடுங்கள். பழக்கத்தில் அவர் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொள்வார்.