ரிவர்ஸ் போட்டா லைட் எரியல: பழைய வண்டிக்காரங்க கேள்வி, பதில்

தண்டையார்பேட்டையில ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கறேன். சின்ன பையனா ஸ்பேனர் எடுத்துக் குடுக்கப் போனவன், அப்படியே ஒயரிங்ல உட்கார்ந்துட்டேன். பழைய வண்டியில ரிவர்ஸ் லைட் எரியலன்னா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கொருக்குப்பேட்டை, 2003 மாருதி 800: அண்ணா, ரெண்டு ரிவர்ஸ் லைட்டும் எரியல. கியர் பாக்ஸ்ல இருக்கற சுவிட்ச் போயிருக்கும், மாத்திடலாம்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. சுவிட்ச் போயிருக்கலாம், ஆனா பார்க்காம காசு குடுக்காதீங்க. கரண்ட் போற வழி ரொம்பச் சின்னது: பேட்டரி, இக்னிஷன், ஃபியூஸ், கியர் பாக்ஸ் மேல திருகியிருக்கற ரிவர்ஸ் சுவிட்ச், அங்கேர்ந்து பின்னாடி பல்பு, கடைசியில பாடி எர்த், அதாவது கரண்ட் வண்டித் தகரம் வழியா பேட்டரிக்குத் திரும்பற வழி. ரெண்டு லைட்டும் ஒரே நாள்ல நின்னா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துல கோளாறு. அதாவது ஃபியூஸ், சுவிட்ச், இல்ல நடுவுல ஒயரை ஒயரோட சேர்க்கற பிளாஸ்டிக் சாக்கெட், அதான் கப்ளர். ஒரு பக்கம் மட்டும் நின்னா பல்பு, ஹோல்டர், எர்த். பாதி வேலை இந்த ஒரு கணக்குலயே முடிஞ்சிடும்.

முதல்ல ஃபியூஸ். பழைய வண்டிகள்ல ரிவர்ஸ் லைட்டோட இன்னும் ரெண்டு மூணு சாமான் ஒரே ஃபியூஸ்ல தொங்கிட்டிருக்கும். இண்டிகேட்டரோ மீட்டரோ சேர்ந்து படுத்திருந்தா அங்கயே பிடிச்சிடலாம். ஃபியூஸ் நல்லா இருந்தா, சுவிட்சுக்கு வர்ற கப்ளரைக் கழட்டுங்க, ரெண்டு ஒயர் இருக்கும். எஞ்சின் ஓடக் கூடாது, சாவி மட்டும் ஆன். சின்ன ஒயர் துண்டால அந்த ரெண்டு முனையையும் இணைங்க. பின்னாடி லைட் எரிஞ்சா சுவிட்ச்தான் குத்தவாளி. எரியலன்னா சுவிட்ச் மேல பழி போடாதீங்க.

அதே தம்பி: ஒயர் போட்டுப் பார்த்தேன், எரிஞ்சது. சுவிட்சை நானே கழட்டலாமா?

கழட்டலாம். வண்டி சூடு ஆறட்டும், கியர் ஆயில் கொஞ்சம் கசியும், கீழ ஒரு டப்பா வைங்க. கழட்டும்போது வாஷர் எங்க போச்சுன்னு பார்த்துக்கோங்க. சில வண்டியில சுவிட்சுக்குப் பின்னாடி சின்ன குண்டோ பின்னோ இருக்கும், அது உள்ள விழுந்தா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. கழட்டினதை உடனே தூக்கிப் போடாம, முனையை விரலால அழுத்தி டெஸ்ட் லேம்ப்ல (ஒயர் மாட்டின சோதனை பல்பு) பாருங்க. அழுத்தினா எரியணும், விட்டா அணையணும். நல்லா வேலை செஞ்சா கோளாறு சுவிட்ச்ல இல்ல, கியர் லிங்கேஜ், அதாவது கியர் ராடையும் கியர் பாக்ஸையும் இணைக்கற கம்பி, தேஞ்சு சுவிட்சை முழுசா தள்ளல.

காசிமேடு, குட்டி யானை: மீன் லோடு அடிக்கறேன் அண்ணே. இடது பக்கம் மட்டும் எரியறதே இல்ல. மூணு பல்பு மாத்திட்டேன். புதுசா போட்டா ரெண்டு நாள் எரியுது, அப்புறம் நின்னுடுது.

மூணு பல்புக்கும் பாவம் போங்க. எடுத்த பழைய பல்பை இப்ப பேட்டரியில வெச்சுப் பாருங்க, மூணும் எரியும்னு நினைக்கறேன். உங்க கோளாறு எர்த். ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் பின்னாடி ஒழுகிட்டே இருக்கு, போதாக்குறைக்கு கடல் காத்து. இந்த ஏரியா வண்டிக்கு உப்புதான் எமன். நம்ம பக்கம் ஒரு வண்டி ரெண்டு மழைக்காலம் பார்த்தாலே ஹோல்டர் உள்ள பச்சை பூத்துடும்.

புது பல்பு மாட்டும்போது அதைத் திருப்பறீங்க இல்ல, அந்தத் திருப்புல கொஞ்சம் துரு உரசிப் போகும், அதனாலதான் ரெண்டு நாள் எரியுது. சரி பண்ண, ஹோல்டரை வெளிய எடுத்து உப்புத்தாளால உள்பக்கத் தகரத்தையும் அடியில இருக்கற பித்தளை முனையையும் பளிச்சுன்னு தேயுங்க. அடி முனையோட ஸ்பிரிங் செத்திருந்தா ஹோல்டரையே மாத்துங்க. அப்புறம் ஹோல்டர்ல இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர். அந்த ஸ்க்ரூவைக் கழட்டி பெயின்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரியற வரைக்கும் கொண்டு வாங்க. நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேல வாசலின் தடவுங்க. தடவிட்டு இறுக்கக் கூடாது, இறுக்கிட்டுத் தடவணும். இதை மாத்திச் செய்யறவங்க நிறைய பேர்.

வோல்ட் பார்க்கற மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். லைட் ஆன்ல இருக்கும்போது ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை ஹோல்டர் தகரத்துலயும் வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட்டுக்கு மேல போச்சுன்னா எர்த் சரியில்ல. நீளமா ஒயர் வேணும், பழைய ஸ்பீக்கர் ஒயர் போதும்.

ராயபுரம், 2001 வேன்: பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. பிரேக் மிதிச்சா ரிவர்ஸ் லைட் லேசா மினுக்குது. ரிவர்ஸ் போட்டா பார்க் லைட் எரியுது.

பேய் இல்ல சார், இதுவும் எர்த்துதான். பின்னாடி ஒரு பக்கத்து லைட் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே எர்த் ஒயர். அது அறுந்தா கரண்ட்டுக்கு வீட்டுக்குப் போக வழி இல்ல. சும்மா நிக்காது, பக்கத்து வீட்டு வழியா சுவர் ஏறிக் குதிக்கும். பிரேக் பல்புக்கு வந்த கரண்ட், அதே பக்க ரிவர்ஸ் பல்புக்குள்ள பின்வழியா புகுந்து, ஒயர்ல போய், எதிர்ப் பக்க ரிவர்ஸ் பல்பு வழியா நல்ல எர்த்தைத் தேடிக்கும். நடுவுல இத்தனை பல்பைத் தாண்டறதால எல்லாம் மங்கலா மினுக்கும். மினுக்கற பக்கத்து ஹோல்டர் தகரத்துல இருந்து நல்ல பாடி இடத்துக்கு ஒரு ஒயர் நேரா இழுத்துப் பாருங்க. பேய் ஓடிடும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. யாராவது ரிவர்ஸ் ஹோல்டர்ல பிரேக் பல்பை அழுத்தி மாட்டியிருக்கலாம். ரிவர்ஸுக்கு வர்றது பெரும்பாலும் 21 வாட், ஒத்தை முனை பல்பு, பக்கத்துல இருக்கற ரெண்டு பின்னும் ஒரே உயரத்துல இருக்கும். பிரேக் லைட்டும் பார்க் லைட்டும் சேர்ந்த ரெட்டை இழை பல்பு 21/5 வாட், அதுல பின் ஒண்ணு மேல ஒண்ணு கீழ. ஆனா பிளையர் வெச்சிருக்கறவனுக்கு எதுவும் நுழையும்.

எர்ணாவூர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல கார் முழுகிடுச்சு. எஞ்சின் எல்லாம் பார்த்தாச்சு. ரிவர்ஸ் லைட் மட்டும் ஒரு நாள் எரியுது, ஒரு நாள் இல்ல.

அந்த வெள்ளத்துல உங்க பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து வந்துச்சு, அந்தப் பிசுக்கு கப்ளருக்குள்ள போனா லேசுல போகாது. எல்லா கப்ளரையும் கழட்டி எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு மாட்டுங்க. அதுக்கப்புறமும் விட்டு விட்டு எரிஞ்சா ஒயரையே சந்தேகப்படணும். தண்ணி ஒயர் தோலுக்குள்ள ஊறி நடந்து போகும். ஒரு முனையைக் கொஞ்சம் சீவிப் பாருங்க. செம்பு செம்பா இருந்தா சரி. கறுத்திருந்தா அதுல ஈயமும் பிடிக்காது, முறுக்கி டேப் சுத்தினாலும் நிக்காது. நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டிட்டுப் புது ஒயர் சேருங்க. ஒரு அடி, ரெண்டு அடி உள்ள கூட கறுப்பு போயிருக்கறதைப் பார்த்திருக்கேன்.

பெரம்பூர்: ரிவர்ஸ் கேமரா மாட்டினதுலேர்ந்து ரிவர்ஸ் போட்டாலே ஃபியூஸ் போகுது. 30 ஆம்பியர் போட்டுடலாமா?

கூடவே கூடாது. ரெண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து மூணரை ஆம்பியர்தான் இழுக்கும், கேமராவுக்கு அதுல ஒரு துளி. 10 ஆம்பியர் ஃபியூஸ் போகுதுன்னா எங்கயோ ஷார்ட். 30 போட்டா ஃபியூஸ் தப்பிக்கும், ஒயர் உருகும். போன ஃபியூஸ் மேல சிகரெட் பாக்கெட் ஜரிகைத் தாள் சுத்தறவங்களுக்கும் இதே பதில்.

ரிவர்ஸ் போட்டா மட்டும் போகுதுன்னா ஷார்ட் சுவிட்சுக்கு அப்புறம் இருக்கு. ரிவர்ஸ் பல்பு ரெண்டையும் கழட்டுங்க, கேமரா ஒயரையும் எடுத்து விடுங்க. ஃபியூஸ் இடத்துல ஒரு 21 வாட் பல்பை ரெண்டு ஒயரோட சொருகி ரிவர்ஸ் போடுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா ஷார்ட் இருக்கு. இப்ப ஒயரைப் பின்னாடியிலேர்ந்து ஒவ்வொரு இடமா அசைச்சுட்டே வாங்க, எங்க அசைச்சா பல்பு அணையுதோ அங்கதான். என் பந்தயம் டிக்கி கீல் பக்கத்து ரப்பர். கதவு திறந்து மூடி அங்கதான் ஒயர் தோல் உரியும். ரிவர்ஸ் போட்டும் பல்பு முதல்லயே எரியலன்னா, கேமராவுக்கு ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்க.

மாதவரம், லாரி: துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டறேன். ரிவர்ஸ் பல்பு போட்டதும் பட்டுன்னு போயிடுது.

கடைக்காரர் குடுத்த பல்பு எத்தனை வோல்ட்னு பாருங்க அண்ணே. உங்க வண்டி 24, கார் பல்பு 12. மாட்டின நொடியே போயிடும். உருவம் ஒண்ணுதான், எழுத்துதான் வேற. 24 வோல்ட் பல்பைக் கார்ல போட்டு மங்கலா எரியுதுன்னு வர்றவங்களும் உண்டு. பஸ்ஸர் ஒயரை ரிவர்ஸ் லைட்லேர்ந்து எடுத்திருந்தா அதையும் பாருங்க, பஸ்ஸர் கத்துது லைட் இல்லன்னா சுவிட்ச் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

கொளத்தூர்: கணவர் வெளியூர்ல. நான் தனியா எப்படி சார் லைட் எரியுதான்னு பார்க்கறது? வலது பக்கம்தான் எரியற மாதிரி இருக்கு.

ராத்திரி சுவர் ஓரமா பின்பக்கம் காட்டி நிறுத்துங்கம்மா. எஞ்சின் வேண்டாம், ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு ஒரு செங்கல் வெச்சு, சாவி மட்டும் ஆன் பண்ணி ரிவர்ஸ் கியர் போடுங்க. இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வரலாம், அவசரமே இல்ல. கண்ணாடியிலயே சுவர் வெளிச்சம் தெரியும். ஆனா ஒண்ணு, பல கார்ல ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட், இன்னொரு பக்கம் அதே இடத்துல சிவப்பு ஃபாக் லைட். முதல்ல லைட் மேல மூடியிருக்கற கண்ணாடியோட கலரைப் பாருங்க. இல்லாத லைட்டை ரிப்பேர் பண்ணக் காசு குடுத்துடாதீங்க.

வியாசர்பாடி: எல்.இ.டி. போட்டா பிரச்சினை தீருமா?

வெளிச்சம் கூடும், பிரச்சினை ஒளிஞ்சுக்கும். எல்.இ.டி. கொஞ்சம் கரண்ட்லயே எரியறதால கெட்ட எர்த்தும் நல்ல எர்த் மாதிரி நடிக்கும். எர்த்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் போடுங்க. எரியலன்னா திருப்பி மாட்டிப் பாருங்க, சில பல்புக்கு பிளஸ் மைனஸ் உண்டு. வெள்ளையைத் தவிர வேற கலர் வேண்டாம்.

புழல்: ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கும் இதே சுவிட்ச்தானா?

இல்ல. அதுல பார்க், நியூட்ரல் எல்லாத்தையும் பார்க்கற ஒரே பெரிய சுவிட்ச். அது நகர்ந்திருந்தா ரிவர்ஸ் லைட்டும் போகும், ஸ்டார்ட்டும் தகராறு பண்ணும். தெரிஞ்சவர் கிட்ட விடுங்க.

மின்ட், அம்பாசடர்: அப்பா வண்டி. ரிவர்ஸ் லைட் ஒயரே இல்ல. டேஷ்போர்டுல தனி சுவிட்ச் வெச்சுக்கட்டுமா?

தனி சுவிட்ச்சுன்னா அணைக்க மறப்பீங்க. ரோட்ல போகும்போது பின்னாடி வெள்ளை லைட் எரிஞ்சா, பின்னால வர்றவன் நீங்க ரிவர்ஸ் வர்றீங்கன்னு நினைச்சு பிரேக் அடிப்பான். உங்க கியர் பாக்ஸ்ல சுவிட்சுக்கு இடம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கியர் ராடு ரிவர்ஸுக்குப் போனா அழுத்தற மாதிரி சின்ன பிரேக் லைட் சுவிட்ச் ஒண்ணை பிராக்கெட் வெச்சு மாட்டலாம். தனி ஃபியூஸ், இக்னிஷனுக்கு அப்புறம் கரண்ட்.

தண்டையார்பேட்டை: ஹோல்டர் உடைஞ்சுடுச்சு. 800-க்கு இனிமே எங்க கிடைக்கும்?

800-ம் அம்பாசடரும் 2014-லயே நின்னு போச்சு, ஆனா சாமான் நிக்கல. புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு, பழசு போதும்னா புதுப்பேட்டை. பழசு வாங்கும்போது உங்க பல்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அங்கயே மாட்டி ஆட்டிப் பாருங்க. ஆடினா வேண்டாம், அடுத்த கடை.